பென்ஷனுக்குப் பிறகும் பச்சை உடுப்பு: டெரிடோரியல் ஆர்மியில் சேர நினைக்கும் முன்னாள் ராணுவ வீரர்களுக்கு முழு வழிகாட்டி

பட்டாளத்துக்காரர் வீடு என்றால் பரணில் ஒரு கருப்பு டிரங்க் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ராங்க், பெயர். பென்ஷன் வந்து இரண்டு வருஷம் போவதற்குள் அந்தப் பெட்டிக்குள் பழைய போர்வையும் கல்யாணச் சீர்ப் பாத்திரமும் குடியேறிவிடும். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. 17 வருஷம் சர்வீஸ் முடித்து 36 வயதில் வீடு வந்தேன். 38 வயதில் அந்தப் பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பெட்டியைத் துடைத்து மறுபடி தூக்கிக்கொண்டு போனேன். இந்த முறை முழுநேரச் சிப்பாயாக இல்லை. வெளியே வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பணியாற்றும் டெரிடோரியல் ஆர்மிக்காரனாக.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் பலர் என்னிடம் வந்து விசாரித்திருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "ரேலி எப்போது அண்ணா?" என்பதுதான். ரேலி, அதாவது மைதானத்தில் நடக்கும் ஆளெடுப்பு, கடைசியில் வரும் விஷயம். அதற்கு முன்னால் வீட்டில், வேலையிடத்தில், காகிதத்தில், உடம்பில் என்று நாலு இடத்தில் வேலை இருக்கிறது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள்?

முன்னாள் வீரர் மறுபடி உடுப்புப் போட இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. பேச்சில் இவற்றை ஒன்றோடொன்று குழப்பிவிடுகிறார்கள்.

முதலாவது டி.எஸ்.சி. என்கிற டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர். ராணுவக் கிடங்குகள், தொழிற்சாலைகள், விமானத் தளங்கள் போன்றவற்றைக் காவல் காக்கும் படை இது. இதன் சென்டரும் ரெக்கார்ட் ஆபீஸும் கேரளத்தில் கண்ணூரில் இருக்கின்றன. இது முழுநேர வேலை. மறுபடி சிப்பாயாகச் சேர்ந்து, போஸ்டிங் போட்ட இடத்துக்குப் போக வேண்டும். 15 வருஷம் முடித்தால் இரண்டாவது பென்ஷனும் உண்டு. சம்பளமும் பென்ஷனும்தான் உங்கள் தேவை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு டி.எஸ்.சி.யைப் பற்றி விசாரியுங்கள். ரிலீஸ் ஆன நாளுக்கும் அதில் சேரும் நாளுக்கும் நடுவே எத்தனை வருஷம் போகலாம் என்பதற்கு அங்கே கணக்கு உண்டு. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது, டெரிடோரியல் ஆர்மியின் சுற்றுச்சூழல் பட்டாலியன்கள். மரம் நடுவதும் மண்ணைக் காப்பதும் இவற்றின் வேலை. முதல் பட்டாலியன் 1982-ல் டேராடூனில் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் குவாரிகளால் மொட்டையாகிக் கிடந்த முசூரி மலைச்சரிவுகளைப் பச்சையாக்கியது அந்தப் படைதான். அடுத்து பிகானீர், பித்தோராகர், டெல்லியின் பாட்டி (Bhatti) சுரங்கப் பகுதி, அசாம் என்று பரவியது. இதில் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்து முன்னாள் வீரர்களே இருப்பார்கள். எனக்கு இந்த யூனிட்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. துப்பாக்கி பிடித்த கையால் ஒரு மலைக்கு மறுபடி உயிர் கொடுப்பது சாதாரண வேலை இல்லை.

மூன்றாவதுதான் நாம் பேசப்போவது: டெரிடோரியல் ஆர்மியின் காலாட்படை பட்டாலியன்கள். 1948-ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி இதைத் தொடங்கி வைத்தார். அந்த நாளைத்தான் இன்றும் டி.ஏ., அதாவது டெரிடோரியல் ஆர்மி, தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1962, 1965, 1971 போர்களிலும், இலங்கைக்கு நம் படை போன ஆபரேஷன் பவனிலும் டி.ஏ. யூனிட்கள் இருந்திருக்கின்றன. நம் பக்கத்தில் கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு சேர்ந்த 110-வது பட்டாலியன், திருச்சியில் கார்ட்ஸ் படைப்பிரிவோடு சேர்ந்த 117-வது பட்டாலியன்.

டி.ஏ. என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தோனி. 2011-ல் அவருக்குக் கொடுத்தது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. 2019-ல் அவர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 106-வது பாரா பட்டாலியனோடு காஷ்மீருக்கே போய்ப் பணியாற்றினார், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நாம் போகும் வழி ரேலி மைதானத்து வழி.

வாசல் உங்களுக்குத் திறந்திருக்கிறதா?

வயது 18 முதல் 42 வரை. இந்த 42-தான் நம் ஆட்கள் பலரை வெளியே நிறுத்துகிறது. 19 வயதில் சேர்ந்து சிப்பாயாகவே 17 வருஷத்தில் வந்தவருக்கு 36 ஆகியிருக்கும். அவருக்கு ஆறு வருஷம் கையில் இருக்கிறது. நாயக்காகி 22 வருஷம் இருந்தவருக்கு 41. ஹவில்தாராகி 24 வருஷம் முடித்து வந்தால் வயது தாண்டியிருக்கும். அதிக அனுபவம் உள்ளவருக்கே கதவு சாத்தியிருக்கிறது என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் விதி அது. வயதுக் கணக்கு எந்தத் தேதியை வைத்து என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கும். பிறந்த தேதியை எழுதி வைத்துக்கொண்டு நாள் கணக்காகவே பாருங்கள்.

அடுத்தது மெடிக்கல் கேட்டகரி. ஷேப்-1-ல், அதாவது முழு உடல்தகுதியோடு, வெளியே வந்தவராக இருக்க வேண்டும். கீழ்க் கேட்டகரியில் ரிலீஸ் ஆனவர்களும், ஊனமுற்றோர் பென்ஷன் வாங்குபவர்களும் இதில் முட்டி மோதுவதில் பயனில்லை. "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்கள் சொல்லலாம். ரிலீஸ் ஆகும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பதைத்தான் மெடிக்கல் போர்டு பார்க்கும்.

அப்புறம் கேரக்டர். டிஸ்சார்ஜ் புக்கில் எக்ஸம்ப்ளரி அல்லது வெரி குட் என்று இருந்தால் கவலை இல்லை. ரெட் இங்க் என்ட்ரி, அதாவது தண்டனைப் பதிவு, இருந்தால் மறைக்காதீர்கள். எப்படியும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதுதான் டி.ஏ.யின் அஸ்திவாரம். உங்களுக்கு வெளியே ஒரு வேலையோ தொழிலோ இருக்க வேண்டும். டி.ஏ. என்பது பிழைப்புக்கு வழி தேடுபவர்களுக்கான படை இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சொந்த விவசாயம், கடை, தனியார் வேலை, அரசு வேலை, எதுவானாலும் சரி. வெளியில் ஒரு காலை உறுதியாக ஊன்றியவர்தான் இங்கே இன்னொரு காலை வைக்க முடியும். விதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இதை விட்டுவிட்டு வந்தவர்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்று கேம்ப்பில் பக்கத்துப் படுக்கையிலேயே பார்த்திருக்கிறேன்.

முதல் ரேலி வீட்டில்

பதினேழு வருஷம் நாம் இல்லாமல் ஒரு வீட்டை நடத்தியவர் நம் மனைவி. பள்ளிக்கூட அட்மிஷன், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, கிணற்று மோட்டார் ரிப்பேர், எல்லாம் அவர் தலையில். நாம் திரும்பி வந்து இரண்டு வருஷத்தில் "மறுபடி போகிறேன்" என்றால் அவர் மனதில் என்ன ஓடும்?

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். விண்ணப்பத்தைத் தயார் செய்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன். என் மனைவி கோபப்படவில்லை. "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். "வருஷத்துக்கு ரெண்டு மாசம்." "ரெண்டு மாசம் மட்டும்தானா, கூப்பிட்டா போகணுமா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. உண்மையான பதில் இதுதான்: கூப்பிட்டால் போக வேண்டும். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லிவிடுங்கள். அறுவடை, பிள்ளைகளின் பரீட்சை, வயதானவர்களின் உடல்நிலை, கடன் தவணை என்று வருஷத்தை ஒரு காலண்டரில் வைத்துப் பேசுங்கள். நீங்கள் இல்லாத இரண்டு மாதத்தில் யார் எதைப் பார்ப்பது என்று முடிவாகட்டும். அந்த இரண்டு மாதம் இரண்டு வருஷமானால் என்ன செய்வது என்பதும் சேர்ந்தே முடிவாகட்டும். வீட்டில் "சரி" வராமல் ரேலிக்குப் போகாதீர்கள்.

முதலாளியிடம் பேசுவது

தனியார் வேலையில் இருந்தால் தடையின்மைச் சான்று வேண்டும், அதாவது என்.ஓ.சி. சொந்தத் தொழில் என்றால் வருமானம் பற்றி முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம்.

என்.ஓ.சி. கேட்பதில் பலர் வாய்மொழியோடு நின்றுவிடுகிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் மேலாளர் தோளில் தட்டி, "நாட்டுக்காகப் போறீங்க, தாராளமா போங்க" என்றார். எழுத்தில் கேட்டபோது மூன்று வாரம் இழுத்து, கடைசியில் "இத்தனை நாள் லீவு எங்களால் முடியாது, வேறு ஆளைப் போட்டுவிடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷத்து ரேலி எனக்குக் கைநழுவிப் போனது. வேறு இடத்தில் ஸ்டோர் பொறுப்புக்குச் சேர்ந்தபோது இன்டர்வியூவிலேயே சொல்லிவிட்டேன்: "நான் டி.ஏ.வுக்கு முயற்சி செய்கிறேன், கிடைத்தால் வருஷத்துக்கு இரண்டு மாதம் இருக்க மாட்டேன்." அவர்கள் யோசித்து ஒப்புக்கொண்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெரிடோரியல் ஆர்மி சட்டத்தின் 7-ஏ பிரிவு, ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுப் போனவரைத் திரும்பி வந்ததும் பழைய வேலையில் மறுபடி அமர்த்துவது பற்றியது. 7-பி பிரிவு, அப்படிப் போனவரின் பி.எஃப். போன்ற உரிமைகளைக் காப்பது பற்றியது. இந்த இரண்டு பிரிவுகளையும் அச்செடுத்து என்.ஓ.சி. விண்ணப்பத்தோடு இணையுங்கள். மிரட்டுவதற்காக இல்லை. எச்.ஆர். பகுதியில் இருப்பவர்களில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

அழைப்பு வந்த தேதி, போன தேதி, திரும்பிய தேதி மூன்றுக்கும் யூனிட் கொடுக்கும் கடிதங்களின் நகலை ஒவ்வொரு முறையும் ஆபீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

காகிதம்: இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள்

ஓட்டத்தில் தோற்றவர்களைவிட, பெயரில் ஒரு எழுத்தால் திரும்பிப் போனவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து மேஜையில் வையுங்கள். பக்கத்தில் பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ., ஆதார், பான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பாங்க் பாஸ்புக். ஒரு ஸ்கேலை வைத்து, உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர், மனைவி பெயர் ஆகியவற்றை ஆறிலும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

நம் பெயர்களுக்கு ராணுவத்தில் என்ன ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும். நமக்கு இனிஷியல்தான் அப்பா பெயர். வடக்கே அது புரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எம். செல்வராஜ்" என்று இருப்பவர், டிஸ்சார்ஜ் புக்கில் "செல்வராஜ் எம்", ஆதாரில் "செல்வராஜ் முனுசாமி", பாஸ்புக்கில் "செல்வராசு" என்று நாலு ஆளாக நிற்பார். என் மனைவி பெயர் தனலட்சுமி. என் டிஸ்சார்ஜ் புக்கில் அதை எழுதிய கிளார்க்கின் காதில் "தன்லக்ஷ்மி" என்று விழுந்திருக்கிறது. வீடு வந்த பிறகும் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

திருத்த வழி இருக்கிறது, நேரம்தான் பிடிக்கும். ஆதார், பான், பாங்க் ஆகியவற்றில் தப்பு இருந்தால் அவற்றை முதலில் டிஸ்சார்ஜ் புக்குக்குப் பொருந்தும்படி திருத்துங்கள், அது சுலபம். டிஸ்சார்ஜ் புக்கிலேயே தப்பு என்றால், உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரங்களும் சேர்த்து உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு வழிகாட்டுவார்கள், அவர்கள் மூலமாகவே அனுப்பவும் செய்யலாம். எனக்கு இது முடிய மாதக்கணக்கில் ஆனது. அதனால்தான் சொல்கிறேன், ரேலி அறிவிப்பு வந்த பிறகு பெட்டியைத் திறந்தால் நேரம் போதாது. இன்றைக்கே திறங்கள்.

மற்றபடி எடுத்து வைக்க வேண்டியவை: முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று, என்.ஓ.சி. அல்லது உறுதிமொழிப் பத்திரம், பத்து இருபது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எல்லாவற்றுக்கும் மூன்று செட் நகல், கையொப்பமிட்டு. ஒவ்வொரு ரேலி அறிவிப்பிலும் பட்டியல் கொஞ்சம் மாறும். போன வருஷம் போனவர் சொன்னதை நம்பாமல் அந்த அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். கல்வித் தகுதியும் அப்படித்தான். ஜெனரல் டியூட்டிக்கு ஒன்று, கிளார்க்குக்கு ஒன்று, ட்ரேட்ஸ்மேனுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும்.

உடம்பு

மைதானத்தில் நடப்பது உங்களுக்குப் பழக்கமானதுதான். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பீம் (கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பது), ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவது, ஜிக்-ஜாக் பேலன்ஸ். ஆனால் 19 வயதில் செய்தது வேறு, 38-ல் செய்வது வேறு. நம் மனம் இன்னும் சென்டரில் ஓடிக்கொண்டிருக்கும், முட்டி மட்டும் குடியாத்தத்தில் இருக்கும்.

எனக்கு நாலு மாதம் ஆனது. முதல் மாதம் ஓடவே இல்லை. ஏரிக்கரையில் விடியற்காலை ஐந்து மணிக்கு வேக நடை, 45 நிமிடம். பென்ஷன் வந்த பிறகு ஏறிய எட்டு கிலோவில் நாலு அதிலேயே இறங்கியது. இரண்டாம் மாதம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூன்றாம் மாதத்தில்தான் 400 மீட்டர் அளந்து, கல் நட்டு, ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். ஒரு சுற்று 85 நொடிக்குள் முடித்தால், நாலு சுற்று 5 நிமிடம் 40 நொடி. பையன்களுக்கான ரேலிகளில் 5 நிமிடம் 45 நொடி என்பது பல காலமாகப் பழகிய கோடு. அதையே என் இலக்காக வைத்துக்கொண்டேன்.

பீமுக்கு வீட்டு வேப்பமரக் கிளை போதும். ஆரம்பத்தில் எனக்கு இரண்டுதான் வந்தது. எண்ணிக்கையை ஏற்றுவதற்குப் பதிலாக, மேலே ஏறி மெதுவாக இறங்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் செய்தேன். மூன்று மாதத்தில் எட்டு.

ஓடத் தொடங்குவதற்கு முன்னால் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். நாற்பதை நெருங்கும் வயதில் பட்டாளத்து ரோஷத்தோடு முதல் நாளே முழு வேகத்தில் ஓடாதீர்கள், தயவுசெய்து. காது, பல், கண்ணையும் சேர்த்துப் பாருங்கள். காதில் அழுக்கு, சொத்தைப் பல் இரண்டும் ரேலி மெடிக்கலில் ஆளைத் திருப்பி அனுப்பும் சின்ன விஷயங்கள்.

ரேலி நாள்

தென்னிந்தியாவுக்கான ரேலிகள் புனேயில் உள்ள டி.ஏ. குரூப் தலைமையகத்தின் கீழ் நடக்கும். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூர் வரும். எந்தத் தேதியில் எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்று அறிவிப்பில் பிரித்திருப்பார்கள். உங்கள் தேதியில் மட்டும் போங்கள். முந்தைய நாள் இரவே ஊர் சேர்ந்துவிடுங்கள்.

விடியுமுன் வரிசை தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கில் பையன்கள் வருவார்கள். உங்களைப் பார்த்து யாராவது "சார், நீங்க ரேலி எடுக்க வந்தீங்களா?" என்று கேட்கக்கூடும். சிரித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். முன்னாள் வீரர்களுக்குத் தனி வரிசை இருக்கிறதா என்று வாசலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். உயரம், ஆவணம், ஓட்டம், பீம், அளவு, மெடிக்கல், எழுத்துத் தேர்வு என்று ஒவ்வொன்றாகப் போகும். ஒரே நாளில் முடியாது. வாழைப்பழம், தண்ணீர், ஒரு துண்டு, பழகிய ஷூ. புது ஷூ வேண்டாம்.

காசு கொடுத்தால் வேலை நடக்கும் என்று மைதானத்துக்கு வெளியே டீக்கடைப் பக்கம் வந்து பேசுபவர்கள் உண்டு. அவர்களிடம் நின்று கேட்கக்கூடக் கேட்காதீர்கள். ஆவணத்தின் ஒரிஜினலை ராணுவ அதிகாரிகளைத் தவிர யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஆபீசராக இருந்து ரிலீஸ் ஆனவர்களுக்கு வேறு வழி. பொதுமக்களுக்கு உள்ள எழுத்துத் தேர்வு அவர்களுக்கு இல்லை. ரிலீஸ் ஆவணங்களோடு விண்ணப்பித்து, நேர்காணல், மெடிக்கல் என்று போக வேண்டும். குறுகிய கால ஆபீசர் பணியான ஷார்ட் சர்வீஸ் முடித்து ஐ.டி. கம்பெனிகளில் இருக்கும் தம்பிகள், தங்கைகள் இதைக் கவனியுங்கள்.

சேர்ந்த பிறகு

முதல் வருஷத்தில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, அதோடு ஒவ்வொரு வருஷமும் இரண்டு மாத கேம்ப் என்பதுதான் அடிப்படை ஏற்பாடு. பழைய ராங்க்கை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தோளில் பட்டையோடு வெளியே வந்தவர் பட்டையில்லாமல் நிற்க வேண்டி வரலாம். உங்களைவிடப் பத்து வயது சின்னவன் "ஏய், டிரெஸ் சரி பண்ணு" என்பான். எனக்கு முதல் வாரம் காது சூடானது உண்மை. பிறகு அந்தப் பையனே ராத்திரியில் வந்து, "அண்ணா, மேப் ரீடிங் சொல்லிக் கொடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். தெரு விளக்கு மாதிரி ஒரு மஞ்சள் பல்ப், தரையில் விரித்த மேப், காம்பஸ். நாலு பேர் ஆனார்கள், அப்புறம் எட்டுப் பேர். நான் மறுபடி போனதற்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால் அந்த ராத்திரியைத்தான் சொல்வேன்.

இப்போது எம்பாடிமென்ட். யூனிட்டை முழுநேரப் பணிக்குக் கூப்பிடுவதற்கு இந்தப் பெயர். கூப்பிட்டால் கேம்ப் கணக்கெல்லாம் கிடையாது. 2025 மே 6-ஆம் தேதி மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. டி.ஏ.யில் யாரையும் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை ராணுவத் தளபதிக்குக் கொடுத்து, 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ எம்பாடி செய்ய ஒப்புதல் கொடுத்தது. அந்த உத்தரவு 2028 பிப்ரவரி 9 வரை செல்லும். மறுநாள்தான் ஆபரேஷன் சிந்தூர். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் டி.ஏ. ஆட்கள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் டி.வி.யை அணைக்கவே இல்லை. பகுதிநேரம் என்ற சொல்லை நம்பி மட்டும் சேர்ந்தவர்களுக்கு அந்த வாரம் புரிந்திருக்கும்.

பணக் கணக்கு

எம்பாடி ஆன நாட்களுக்கும் பயிற்சி நாட்களுக்கும் மட்டும்தான் சம்பளம். அந்த நாட்களில் ரெகுலர் ஆர்மிக்கு உள்ள அதே சம்பளம், படிகள். ஏழாவது சம்பளக் கமிஷன்படி புதிதாகச் சேரும் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், ராணுவப் பணிச் சம்பளம் 5,200, அதற்கு மேல் அகவிலைப்படியும் மற்றவையும். லெப்டினன்டுக்கு அடிப்படை 56,100, ராணுவப் பணிச் சம்பளம் 15,500. மீதிப் பத்து மாதத்துக்கு டி.ஏ.யிலிருந்து ஒரு ரூபாயும் வராது.

டி.ஏ. பென்ஷன் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வேன். சிப்பாய் முதல் ஜே.சி.ஓ. (சுபேதார் போன்ற பதவிகள்) வரை எம்பாடி ஆன சேவை 15 வருஷம் சேர வேண்டும், ஆபீசருக்கு 20. கேலண்டர் வருஷம் இல்லை, எம்பாடி ஆன நாட்களின் கூட்டு. வருஷத்துக்கு இரண்டு மாதம் கேம்ப் மட்டும் போனால் 15 வருஷம் சேர 90 வருஷம் ஆகும். யூனிட் பல வருஷம் தொடர்ந்து எம்பாடி ஆகி இருந்தால்தான் அந்தப் பேச்சே. ஆகவே பென்ஷனை நினைத்து இதில் சேராதீர்கள்.

ஏற்கெனவே வாங்கும் பென்ஷன் விஷயத்தில் கவனமாக இருங்கள். எம்பாடி ஆகும் நாட்களில் உங்கள் பென்ஷன், அகவிலை நிவாரணம், சம்பள நிர்ணயம் மூன்றும் எப்படி வரும் என்று யூனிட் ஆபீஸிலும் ரெக்கார்ட் ஆபீஸிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் வருடாந்திர உயிர்ச்சான்று கொடுக்கும்போது மறுவேலை பற்றிய கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் "யாருக்குத் தெரியப்போகிறது" என்று விட்டுவிட்டார். சில வருஷம் கழித்து ரிகவரி என்று ஒரு தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லி வந்து, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த டெபாசிட்டை உடைக்க வேண்டியதானது.

வங்கிக் கடன் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம், பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் உங்கள் வெளி வருமானமும் பென்ஷனும் தாங்குகிறதா என்று டி.ஏ. சம்பளத்தைச் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள். தாங்கினால் போகலாம். தாங்காவிட்டால் டி.எஸ்.சி. அல்லது முழுநேர வேலைதான் இப்போதைக்கு. முன்னாள் படைவீரர்களுக்கான தமிழக அரசு நிறுவனமான டெக்ஸ்கோ மூலம் காவல் பணிக்குப் போகும் வழியும் நம் மாநிலத்தில் இருக்கிறது.

பெட்டியைக் கட்டும்போது

அழைப்புக் கடிதம் வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் யூனிட்டின் முகவரி, உங்கள் புது நம்பர், கம்பெனி. அடுத்த பக்கத்தில் பாங்க் கணக்குகள், நாமினி, கடன் விவரம், இன்ஷூரன்ஸ் பாலிசி எண்கள். அதற்கடுத்து பி.பி.ஓ. நகல் எங்கே இருக்கிறது, நில ஆவணம் எங்கே இருக்கிறது, நல அலுவலகத்தில் யாரைக் கேட்க வேண்டும். முதல் தடவை பட்டாளத்துக்குப் போனபோது நமக்கு 19 வயது, எழுதி வைக்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அந்த நோட்டை வீட்டில் ஒருவர் கையில் கொடுத்து, அவரையே ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

என் மனைவி படித்து முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் தன் பெயரைத் தானே எழுதினார், "தனலட்சுமி" என்று, எழுத்துப் பிழை இல்லாமல். பிறகு பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரங்களைத் துடைத்துச் சமையலறையில் அடுக்கப் போனார்.